உங்களுக்குத் தெரியுமா? – வான்கூவர் தெருமுனையும் ஒரு சின்னப் படமும்

● இந்த வாரத் துணுக்குகள் எல்லாமே ஒரே படத்தைச் சுற்றித்தான். படத்தின் பெயர் 'ஆன் தி கார்னர்'. 2003இல் வந்த கனடியப் படம். பெரிய ஸ்டுடியோவின் பணமும் இல்லை, உலகறிந்த நட்சத்திரமும் இல்லை. வடக்கே பழங்குடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ராண்டி என்ற பையன் தன் அக்கா ஏஞ்சலைத் தேடி வான்கூவருக்கு வருகிறான். அக்காவோ ஹெராயினுக்கு அடிமையாகி, அந்தச் செலவை ஈடுகட்டத் தெருவில் பாலியல் தொழில் செய்துகொண்டிருக்கிறாள். தம்பியை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடத் துடிக்கிறாள். அவன் போகாமல் தங்கிவிடுகிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவனையும் அந்தத் தெரு இழுத்துக்கொள்கிறது. கதை இவ்வளவுதான். ஆனால் இந்தப் படம் நடக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால், கனடா கடந்த 30 ஆண்டுகளாகப் போதைப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிய வரலாறே விரியும்.

● போதைப் படங்களில் வழக்கமாக ஒரு வில்லன் இருப்பான். நல்ல பையனைக் கெடுப்பதற்கென்றே எழுதப்பட்ட ஆள். இந்தப் படத்தில் ராண்டியைக் கெடுக்க யாரும் சதி செய்வதில்லை. கையில் காசு இல்லை, படுக்க இடமில்லை, சும்மா சுற்ற நாள் முழுக்க நேரம் இருக்கிறது, பக்கத்தில் பேச்சுத்துணைக்கு இருப்பவர்கள் எல்லாம் விற்பவர்களோ வாங்குபவர்களோதான். அவ்வளவு போதும். ஓர் இளைஞன் சரிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்று காட்டியதுதான் இந்தப் படத்தின் பெரிய சாதனை என்பது என் எண்ணம்.

● படத்தின் பெயரில் உள்ள தெருமுனை நிஜமானது. வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில் மெயின் தெருவும் ஹேஸ்டிங்ஸ் தெருவும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்த உலகத்தின் மையம். முனையிலேயே கம்பீரமான கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த 50,000 டாலரில் 1903இல் நூலகமாகத் திறக்கப்பட்டது. உள்ளே பளிங்குச் சுழல்படி. ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் ஷேக்ஸ்பியர், மில்டன், பர்ன்ஸ். 1980 முதல் அது அக்கம்பக்கத்தாரின் சமூகக் கூடம். மலிவு விலையில் சாப்பாடு, வாசிப்பறை, படிப்பு சொல்லித்தரும் வகுப்பு எல்லாம் அங்கே உண்டு. ஷேக்ஸ்பியர் ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில், பட்டப்பகலில் போதை விற்பனை நடந்துகொண்டிருந்தது.

● இயக்குநர் நதானியல் கியரி அந்தப் பகுதிக்குக் கேமராவோடு வந்து இறங்கிய வெளியாள் அல்ல. படம் எடுப்பதற்கு முன்பே அங்குள்ள மக்களுக்கிடையே வேலை பார்த்தவர். அதனால்தான் அவருடைய பாத்திரங்கள் பரிதாபத்துக்கு உரிய உருவங்களாக நின்றுவிடாமல் கோபப்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள்.

● ராண்டியாக நடித்தவர் சைமன் பேக்கர். 'தி மென்டலிஸ்ட்' தொடரில் வரும் ஆஸ்திரேலிய நடிகர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் அதே பெயருள்ள கனடியப் பழங்குடி நடிகர். 1998இல் வந்த 'ஸ்மோக் சிக்னல்ஸ்' படத்தில் சிறுவன் தாமஸாக வந்து மனங்களைக் கவர்ந்தவர். ஏஞ்சலாக வரும் அலெக்ஸ் ரைஸ், மோஹாக் பழங்குடி இனத்தவர். கிரீ பழங்குடியைச் சேர்ந்த மூத்த நடிகர் கோர்டன் டூடூசிஸும் உண்டு. 'ஜிஞ்சர் ஸ்நாப்ஸ்' திகில்படத்தால் பிரபலமான காதரின் இசபெல் இன்னொரு முக்கியப் பாத்திரம்.

● வான்கூவருக்கு 'வடக்கின் ஹாலிவுட்' என்று பட்டப்பெயர். ஆனால் அந்த ஊர் திரையில் தன் சொந்தப் பெயரில் வருவது அபூர்வம். ஜாக்கி சானின் 'ரம்பிள் இன் தி பிராங்ஸ்' (1995) நினைவிருக்கிறதா? நியூயார்க்கில் நடப்பதாகக் கதை, எடுத்தது வான்கூவரில். நியூயார்க்கில் இல்லவே இல்லாத மலைகள் பின்னணியில் எட்டிப் பார்க்கும். ஹேஸ்டிங்ஸ் தெருவின் பின்சந்துகளும் எத்தனையோ அமெரிக்கப் படங்களில் எந்தெந்த ஊர்ச் சந்துகளாகவோ நடித்திருக்கின்றன. கியரியின் படத்தில் அந்தச் சந்துகள் அந்தச் சந்துகளாகவே வருகின்றன.

● மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் போகும் தொழிலாளர்கள், வேலை இல்லாத பருவத்தில் தங்குவதற்காக நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட விடுதிகள் இந்தப் பகுதி முழுக்க உண்டு. ஓர் ஆளுக்கு ஓர் அறை. சராசரியாகப் பத்தடிக்குப் பத்தடி. கட்டில், கைகழுவும் தொட்டி, மேலே ஒரு பல்பு. கழிப்பறையும் குளியலறையும் தாழ்வாரத்தின் கோடியில், அந்தத் தளத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. சமைக்க வழி கிடையாது. அறைக்குள் மூச்சு முட்டுவதால்தான் ஆட்கள் நடைபாதைக்கு வருகிறார்கள். 'ஏன் எல்லாரும் தெருவிலேயே நிற்கிறார்கள்' என்று காரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை அந்த அறைகளின் அளவில் இருக்கிறது.

● 1986இல் வான்கூவர் தன் நூற்றாண்டை ஒட்டி 'எக்ஸ்போ 86' என்ற உலகப் பொருட்காட்சியை நடத்தியது. சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடலாம் என்று பல விடுதிக்காரர்கள், ஆண்டுக்கணக்கில் குடியிருந்த நூற்றுக்கணக்கான ஏழைகளை வெளியேற்றினார்கள். 1993இல் அந்தப் பகுதியின் உயிர்நாடியாக இருந்த உட்வர்ட்ஸ் பல்பொருள் அங்காடியும் மூடப்பட்டது. அங்கே வந்துபோன குடும்பங்களின் வருகை நின்றுபோயிற்று. சுற்றியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. அந்த வெற்றிடத்தில்தான் மலிவான கோகெய்னும் ஹெராயினும் வந்து உட்கார்ந்தன.

● கனடாவின் முதல் போதைப்பொருள் தடைச் சட்டம் பிறந்ததும் இதே தெருக்களின் கதையால்தான்! 1907 செப்டம்பரில் ஆசியர்களுக்கு எதிரான கும்பல் ஒன்று வான்கூவரின் சீனர் குடியிருப்பிலும் ஜப்பானியர் வாழ்ந்த பவல் தெருவிலும் கடைகளை அடித்து நொறுக்கியது. நஷ்டஈடு எவ்வளவு என்று விசாரிக்க ஒட்டாவாவிலிருந்து தொழிலாளர் துறைத் துணை அமைச்சர் மெக்கன்ஸி கிங் வந்தார். நஷ்டஈடு கேட்டவர்களில் அபின் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். அப்போது அது சட்டப்படியான தொழில். விசாரிக்க வந்தவர் அபினைத் தடை செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1908இல் சட்டம் வந்துவிட்டது. கலவரத்தில் அடிபட்டவர்களே கடைசியில் குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அறிக்கை எழுதியவர் பிற்காலத்தில் கனடாவை மிக நீண்ட காலம் ஆண்ட பிரதமர் ஆனார்.

● 1997 ஜூலையில் ஓப்பன்ஹைமர் பூங்காவின் புல்வெளியில் 1,000 மரச் சிலுவைகளை நட்டார்கள். அளவுக்கு மீறிய போதையால் இறந்தவர்களுக்காக. அந்த ஆண்டில்தான் வான்கூவரில் ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆய்வில் தெரியவந்தது. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சிலுவைப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் பட் ஆஸ்போர்ன் என்ற கவிஞரும் ஒருவர். அவரே ஒரு காலத்தில் போதையில் வீழ்ந்து எழுந்தவர். போதை உபயோகிப்பவர்கள் தங்களுக்கென்று தாங்களே நடத்தும் 'வான்டு' என்ற சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் இருந்தார். தங்கள் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் தாங்களும் உட்கார வேண்டும் என்று அந்தச் சங்கம் கேட்டது. கேட்டதைப் பெற்றும் காட்டியது.

● இதே தெருவைப் போலீஸ்காரர்களும் படம் பிடித்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ரோந்து போகும் காவலர்கள் சிலர் 'ஆட் ஸ்குவாட்' என்ற பெயரில் சேர்ந்து, தாங்கள் அன்றாடம் சந்திக்கும் போதை அடிமைகளை வீடியோவில் பதிவு செய்தார்கள். கனடிய தேசியத் திரைப்பட வாரியம் அதை 'த்ரூ எ ப்ளூ லென்ஸ்' (1999) என்ற ஆவணப்படமாக்கியது. பள்ளிப் பிள்ளைகளை எச்சரிக்கத்தான் தொடங்கினார்கள். ஆனால் தினமும் போய்ப் பேசப் பேச, காவலர்களுக்கும் அந்த மனிதர்களுக்கும் நடுவே உண்மையான பாசம் வளர்வதைப் படத்தில் பார்க்கலாம். எச்சரிக்கையைவிட அந்தப் பாசம்தான் பார்ப்பவர் மனத்தில் நிற்கிறது.

● நெட்டி வைல்ட் இயக்கிய 'ஃபிக்ஸ்' (2002) ஆவணப்படம் இன்னும் ஒரு படி மேலே. இதன் நாயகர்களில் ஒருவர் அன்றைய மேயர் ஃபிலிப் ஓவன்: பழமைவாதக் கட்சிக்காரர், வசதியான வியாபாரி. இன்னொருவர் வான்டு சங்கத் தலைவர், ஹெராயினுக்கு அடிமையானவர். எதிரெதிர் துருவங்கள். மருத்துவக் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாகிறார்கள். அதற்கு மேயர் கொடுத்த விலை பெரியது. சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டது. அடுத்த தேர்தலில் அவர் வேட்பாளர் அல்ல. பதவியைவிட, இறந்துகொண்டிருக்கும் மனிதர்கள் முக்கியம் என்று நினைத்த ஓர் அரசியல்வாதியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

● சரி, அவருக்குப் பின் மேயரானவர் யார்? சின்னத்திரை ரசிகர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. கனடிய அரசுத் தொலைக்காட்சியில் 1998 முதல் 2005 வரை ஓடிய 'டா வின்சீஸ் இன்குவெஸ்ட்' தொடரின் நாயகன் வான்கூவரின் மரண விசாரணை அதிகாரி. ஹேஸ்டிங்ஸ் தெருவில் அநாதையாக இறப்பவர்களுக்காக வாதாடுபவர். அந்தப் பாத்திரத்துக்கு மூலமாக இருந்த நிஜ அதிகாரி லாரி கேம்ப்பெல். 2002 தேர்தலில் மேயராக ஜெயித்தவர் அவரேதான். பிற்பாடு அந்தத் தொடரின் நாயகனும் கதையில் மேயராகி, 'டா வின்சீஸ் சிட்டி ஹால்' என்று புதுத் தொடரே வந்தது. அதாவது, நிஜ மனிதரைப் பார்த்து எழுதிய பாத்திரம், அந்த மனிதரைத் தொடர்ந்து நகராட்சிக்கும் போய்விட்டது.

● 'ஆன் தி கார்னர்' திரைப்பட விழாக்களில் ஓடிக்கொண்டிருந்த அதே 2003 செப்டம்பரில்தான், ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் தெரு 139ஆம் எண்ணில் 'இன்சைட்' திறக்கப்பட்டது. மருத்துவக் கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ள வட அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி பெற்ற முதல் இடம். உள்ளே எப்படி இருக்கும்? சுவரோரம் வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் துடைத்துப் பளிச்சென்று இருக்கும் எவர்சில்வர் மேசை, ஒரு நாற்காலி, எதிரே பெரிய கண்ணாடி, நல்ல வெளிச்சம். கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. பின்னால் இருக்கும் நர்ஸ் அதன் வழியாக முகத்தைக் கவனிப்பார். உதடு நீலமாகிறதா, தலை தொங்குகிறதா என்று பார்ப்பார். போதைப்பொருளை நர்ஸ் கொடுப்பதில்லை, வருபவரே கொண்டுவருவார். சுத்தமான ஊசியும் தண்ணீரும் மட்டும் அங்கே கிடைக்கும். முடிந்ததும் அடுத்த அறையில் ஒரு காபியோடு கொஞ்ச நேரம் உட்காரலாம். புண்ணுக்கு மருந்து கட்டுவார்கள். விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால், 2007 முதல் மாடியிலேயே சிகிச்சைப் படுக்கைகளும் உண்டு. படத்தில் பின்சந்தில் நடப்பதையும் இந்த அறையில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதை அதேதான், ஆனால் இங்கே மூச்சு நின்றால் எழுப்ப ஆள் இருக்கிறது.

● இன்சைட்டை மூடிவிட மத்திய அரசு தீவிரமாக முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அனுமதியை மறுப்பது அங்கு வருபவர்களின் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும், இடம் திறந்தே இருக்க வேண்டும்.

● அந்தப் பகுதியில் தங்க இடமில்லாதவர்களுக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் அறை கொடுத்த விடுதி போர்ட்லாண்ட் ஹோட்டல். அதன் புதுக் கட்டடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆர்தர் எரிக்சன், கனடாவின் தலைசிறந்த கட்டடக் கலைஞர். அங்கே ஆண்டுக்கணக்கில் மருத்துவராக இருந்தவர் ஹங்கேரியில் பிறந்த காபோர் மாட்டே. சிறுவயதில் பட்ட காயங்களுக்கும் போதைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இவர் 2008இல் எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

● ஏஞ்சல் பாத்திரம் ஏன் ஒரு பழங்குடிப் பெண்? இது தற்செயலான தேர்வு அல்ல. 1990களில் இந்தத் தெருக்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அவர்களில் மிகப் பலர் பழங்குடிகள். குடும்பத்தார் போலீசில் சொன்னபோது, தெருவில் திரியும் பெண்கள்தானே, எங்காவது போயிருப்பார்கள் என்ற அலட்சியமே பதிலாகக் கிடைத்தது. 2002 பிப்ரவரியில் நகருக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையைச் சோதனையிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. 33 பெண்களின் உடல் எச்சங்களோ மரபணுத் தடயங்களோ அங்கே கிடைத்தன. பண்ணைக்காரருக்கு 2007இல் ஆறு கொலைகளுக்காக ஆயுள் தண்டனை. இதை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் தலைவராக இருந்த இந்திய வம்சாவளி முன்னாள் நீதிபதி வாலி ஓப்பல், 2012இல் வந்த அறிக்கையில் போலீசின் தோல்விகளை வெளிப்படையாக எழுதினார். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 14 அன்று, 1992 முதல், இதே மெயின்–ஹேஸ்டிங்ஸ் முனையிலிருந்து பெண்கள் நினைவு ஊர்வலம் போகிறது. அக்காவைத் தேடி ஒரு தம்பி வருகிறான் என்ற கதையை அந்த ஊரில் அந்த நேரத்தில் பார்த்தவர்கள் வெறும் கதையாகப் பார்த்திருக்க முடியாது.

● போதையைப் பற்றிய வேறு கனடியப் படங்கள்? 1990இல் டாரெல் வாசிக் எடுத்த 'எச்' முதலில் நினைவுக்கு வருகிறது. ஹெராயினை விட்டொழிக்க ஒரு ஜோடி தங்களைத் தாங்களே வீட்டுக்குள் அடைத்துக்கொள்ளும் கதை. கிட்டத்தட்ட இரண்டே பேர், நாலு சுவர். டொராண்டோ விழாவில் சிறந்த கனடியப் படமானது; நாயகி பாஸ்கல் மோன்பெடி கனடாவின் அன்றைய உயரிய திரை விருதான ஜீனியைப் பெற்றார்.

● டெனி ஆர்க்கானின் 'தி பார்பேரியன் இன்வேஷன்ஸ்' படமும் 2003தான். புற்றுநோயில் வலி தாங்காமல் தவிக்கும் பேராசிரியருக்காக அவருடைய மகன் ஹெராயின் தேடி அலைகிறான். எங்கே கிடைக்கும் என்று போலீசிடமே போய்க் கேட்கிறான்! கடைசியில் தந்தையின் பழைய தோழியின் மகள், தானே அந்தப் பழக்கத்தில் சிக்கியவள், தினமும் வந்து கொடுக்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்த மாரி-ஜோசே குரோஸுக்கு கான் விழாவில் சிறந்த நடிகை விருது. அடுத்த ஆண்டு சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர். கனடாவுக்கு அந்தப் பிரிவில் அதுவே முதல் வெற்றி.

● 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' நாவலாசிரியர் அர்வின் வெல்ஷின் கதையை வைத்து ராப் ஹேடன் எடுத்த 'எக்ஸ்டஸி' (2011) கனடியத் தயாரிப்பு. கதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். படப்பிடிப்பின் ஒரு பகுதி ஒன்டாரியோவின் சூ செயின்ட் மேரி ஊரில்.

● நம்மவர்களும் உண்டு. டொராண்டோவின் தமிழ் இளைஞர் குழுச்சண்டைகளை வைத்து லெனின் எம். சிவம் எடுத்த '1999' என்ற தமிழ்ப் படம் 2009இல் வான்கூவர் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அது போதையைப் பற்றியதல்ல. ஆனால் புது நாட்டின் தெரு ஒரு பையனை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்பதில் ராண்டியின் கதைக்கு நெருங்கிய உறவு.

● டாக்டரே ஹெராயின் எழுதிக் கொடுத்தால்? 2005இல் வான்கூவரிலும் மான்ட்ரியாலிலும் வட அமெரிக்காவில் முதன்முறையாக அந்தச் சோதனை நடந்தது. வேறு சிகிச்சை எதிலும் தேறாதவர்களுக்கு மட்டும், கிளினிக்குக்குள், மருந்துத் தரத்தில். பலர் சிகிச்சையில் நிலைத்து நின்றார்கள். தெருவில் வாங்குவது குறைந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவின் கிராஸ்டவுன் கிளினிக் அதன் தொடர்ச்சி.

● 'ஆன் தி கார்னர்' காட்டும் உலகம் இன்று மேலும் கொடியதாகிவிட்டது. படத்தில் ராண்டி சரிவதற்குக் காலம் எடுக்கிறது. யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்று ஏங்க நமக்கு நேரம் கிடைக்கிறது. இன்று ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் என்ற போதைமருந்து பிடித்துவிட்டது. உப்புக்கல் அளவு கூடினாலும் மூச்சு நின்றுவிடும். 2016 ஏப்ரல் 14 அன்று, வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் அவசரநிலை அறிவித்தது. அதன் பிறகு அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. 2023 ஜனவரி 31 முதல் 2.5 கிராம் வரை போதைப்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமல்ல என்று சோதனை முறையில் அறிவித்தார்கள். 2024 மே மாதமே பொது இடங்களில் அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டார்கள்.

● அந்த மாநிலத்து மருந்துக்கடைகளில் நலோக்சோன் பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. கைக்கடக்கமான கறுப்பு உறை. உள்ளே மருந்துக் குப்பிகள் மூன்று, ஊசிகள், கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க ஒரு முகமூடி. ஹெராயின், ஃபென்டனில் போன்றவற்றால் நின்ற மூச்சை அந்த மருந்து சில நிமிடங்களில் மீட்டுவிடும். போட்டுக்கொள்பவருக்கு மட்டுமல்ல, அவருடைய அக்கா, தம்பி, நண்பர் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். எப்படிப் போட வேண்டும் என்பதையும் கடையிலேயே சொல்லித் தருவார்கள்.